நாலாம் கேட்டுச் சாவி

சட்டையின் இடது கையில் ஒரு மடிப்பு அடங்கவே மாட்டேன் என்றது. அக்கா தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள், எடுத்துப் பார்த்தாள். அப்படியே இருந்தது. மறுபடி தெளித்தாள். ஊரில் பாதிப் பேர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்த கை அது. இன்றைக்கு ஒரு மடிப்புக்குக்கூட ஆகவில்லை, சனியன் பிடித்த கை.

"அண்ணி, போதும், குடுங்க. கேக்குறாங்க," என்று உள்ளே இருந்து தம்பி மனைவி கூப்பிட்டாள். அழுது அழுது அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"இதோ ஆச்சும்மா."

ஆகவில்லை. ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள் அறைக் கட்டிலில் தம்பி படுத்திருந்தான். எதற்கெடுத்தாலும் பறக்கிறவன், ஒரு சட்டைக்காக இவ்வளவு நேரம் பேசாமல் கிடக்கிறான். காலையில்தான் ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. விரல்கள்தான் பார்க்க முடியாதபடி இருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு கையையும் துணி சுற்றி மூடி அனுப்பியிருந்தார்.

அக்கா இந்தத் தெருவில் லாண்டிரி வைத்திருக்கிறாள். முன்னறை கடை, பின்னால் வீடு. தம்பி ஃபுட்பால் ஸ்டேடியத்தில் நாலாம் நம்பர் கேட்டுக்குக் காவல். அதனால் தெருவே அவனை 'நாலாம் நம்பர்' என்றுதான் கூப்பிடும். "நாலாம் நம்பர், நம்மளை ஓசியில உள்ள விடுவியா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "எங்க அக்கா வந்தாலும் டிக்கெட் எடுத்தாத்தான்" என்பான். சொன்னபடியே செய்வான் என்பதுதான் அவனிடம் இருந்த பெரிய கஷ்டம்.

இப்போது டிவியில் நாலாம் நம்பர், நாலாம் நம்பர் என்கிறார்கள். பக்கத்து வீட்டு டிவி சுவரைத் தாண்டிக் கேட்டது. முந்தாநாள் மேட்ச் முடிகிற நேரத்தில் பேய் மழை பிடித்துக்கொண்டது. கூரை இல்லாத பக்கம் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் படிக்கட்டில் இறங்கி ஓடியது. கீழே நாலாம் கேட் பூட்டிக் கிடந்தது. முன்னால் நின்றவர்களுக்குத் திரும்ப வழியில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது பூட்டிக் கிடப்பது தெரியாது. செத்தது எத்தனை பேர் என்று டிவி ஒவ்வொரு தடவையும் வேறு கணக்குச் சொன்னது. முதலில், காவல்காரன் கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஓடிவிட்டான் என்றது. அவனையே அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து எடுத்த பிறகு, ஓடினான் என்பதை மட்டும் விட்டுவிட்டு, சாவி எங்கே, சாவி எங்கே என்று ஆரம்பித்தது.

சாவி எங்கே என்று அக்காவுக்குத் தெரியும். இஸ்திரி மேசைக்கு மேலே பலகையில், தகரக் கிண்ணத்தில் இருந்தது.

லாண்டிரித் தொழிலில் முதல் வேலை, துணி கைக்கு வந்ததும் பாக்கெட்டைத் துழாவுவது. ஒரு பேனாவை விட்டுவிட்டால் ஒரு தொட்டித் துணியும் பாழ். எடுத்ததையெல்லாம் அந்தக் கிண்ணத்தில் போட்டு வைப்பாள், துணியோடு திருப்பிக் கொடுப்பாள். வக்கீல் பாக்கெட்டில் மிட்டாய் இருக்கும். வாத்தியார் பாக்கெட்டில் சினிமா டிக்கெட் இருக்கும். எதிர் பேக்கரிக்காரர் மகளின் மேல்சட்டையில் எப்போதும் நீல மணி வைத்த கொண்டை ஊசி இருக்கும். ஒரு தடவை ஒரு பல்செட்டு அகப்பட்டது, இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை. "ஊர் மானம் மொத்தமும் உன் கிண்ணத்துலதான்கா இருக்கு" என்று தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான்.

அவன் சாவியையும் எத்தனையோ தடவை எடுத்துப் போட்டிருக்கிறாள். ஸ்டேடியம் ஆபீசில் மாட்டினால் சாவி மாறிப்போகிறது என்று காவல்காரர்கள் அவரவர் சாவியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். அடையாளத்துக்கு அவள்தான் பழைய போர்வையிலிருந்து சிவப்புத் துணி கிழித்து அதில் கட்டிவிட்டாள். யூனிஃபாரத்தைத் தேய்த்து மடித்ததும் சாவியைப் பேண்டின் மேலேயே வைப்பது வழக்கம். முந்தாநாள் வைக்கவில்லை. ஒரு ஹோட்டலிலிருந்து படுக்கை விரிப்புகள் மலையாக வந்து இறங்கியிருந்தன. அந்த அவசரத்தில் விட்டுப்போயிற்று. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அவ்வளவுதானா? துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் யாராவது தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டால்? சிவப்புத் துணியின் நுனி கிண்ணத்து விளிம்பில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிடலாம். எடுத்து எங்காவது ஒளித்துவிடலாம். தொட்டால் கை சுட்டுவிடும் என்பது போல ஒரு பயம். நேற்று யாரோ ஷட்டரில் கல்லை விட்டெறிந்துவிட்டுப் போனார்கள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு முதலில் தோன்றியதே, தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான். அதற்குப் பிறகு வாசலில் ஒரு கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தன் அறுந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்கு அடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை கிடந்தது. வாயை முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்ளே அவனுடைய யூனிஃபாரம். ஊரார் பாக்கெட்டில் எல்லாம் கையை விடுகிறவள், அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

தெருவிலிருந்து அதிகம் பேர் வரவில்லை. வந்தவர்களும் உட்காரவில்லை. எதிரே பேக்கரி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அந்த வீட்டுப் பெண்ணும் நாலாம் கேட்டில்தான் போனாள். நேற்றே எடுத்துவிட்டார்கள். அக்கா போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அவர்கள் கூட்டம் தெருமுனை திரும்பும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது இந்த மேசையில்தான் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

சூப்பர்வைசர் வந்தார். தம்பி வாயில் எந்நேரமும் இருந்த சூப்பர்வைசர். எல்லா கேட்டுக்கும் இன்னொரு சாவி அவரிடம் இருக்கும், இடுப்பில் கொத்தாகத் தொங்கும், அவர் நடந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி சத்தம் வரும் என்பான். இன்றைக்குச் சத்தம் இல்லாமல் வந்தார். பெல்ட்டில் வளையம் மட்டும் இருந்தது. தம்பி முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு கடை அறைக்கு வந்து, "உங்களோட தனியா ஒரு வார்த்தை" என்று கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"சாவி இங்கதானே இருக்கு?"

அக்கா பலகையைப் பார்த்துவிடாமல் தரையைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. எனக்குத் தெரியும். அன்னிக்கு வந்ததுமே சொல்லிட்டான், 'அக்கா பாக்கெட்டைத் துழாவி எடுத்து வெச்சிட்டாங்க சார்'னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

ஆமாம், சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பான். அவளுக்கும் அன்றைக்குப் போன் பண்ணினான். "அக்கா, கிண்ணத்துல சாவி இருக்கா பாரு." "இருக்குடா, அய்யய்யோ, ஆட்டோ புடிச்சுக் கொண்டு வரட்டா?" "நீ வேற. சூப்பர்வைசர் அவர் சாவியில திறந்து குடுத்துட்டாரு. மேட்ச் ஆரம்பிச்சதும் பூட்டிடணும், அமுக்கினா பூட்டிக்கும். முடியுறதுக்கு முன்னாடி அவரே வந்து திறக்கிறேன்னுட்டாரு. நீ வேலையைப் பாரு." அவளும் வேலையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், போக வேண்டாம் என்றதும் அப்பாடா என்றுதான் இருந்தது. மழை கொட்டும்போது கூட, விரிப்பெல்லாம் எப்போது காயப்போகிறதோ என்றுதான் கவலைப்பட்டாள்.

"முடியுறதுக்கு முன்னாடி வந்து திறக்கிறேன்னு சொன்னீங்களாமே?" என்றாள்.

சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சொன்னேன். மழை வந்துடுச்சு. பெரிய மனுஷங்களைக் கார்ல ஏத்தி விடுன்னு மேலேருந்து உத்தரவு. நான் ஒருத்தன் எத்தனை பக்கம் ஓடுறது? போயிடலாம், போயிடலாம்னுதான்..." கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சரி, ஆனது ஆச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. பூட்டு பழசு. துருப்புடிச்சது. உங்க தம்பி சாவியைப் போட்டுத் திருகிப் பாத்தான், திறக்கல. அப்படித்தான் நான் சொல்லப் போறேன். அதுக்கு அவன் சாவி அங்க இருக்கணும். குடுத்துடுங்க, அங்க கெடந்ததா சேத்துடறேன். அவனுக்கும் கெட்ட பேரு இல்ல, எனக்கும் இல்ல. உங்களை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"என்னையா?"

"வீட்லதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா, யாரு எடுத்து வெச்சதுன்னு கேக்க மாட்டாங்களா? நேத்து வெறும் கல்லுதான் விழுந்துச்சு." அவர் மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். "எனக்கும் புள்ளைக்குட்டி இருக்கும்மா."

அக்கா கையை உயர்த்திக் கிண்ணத்தை இறக்கினாள். கிண்ணத்துக்குள் சாவி சின்னதாக இருந்தது. இத்தனை பேரை அடைத்து வைக்க இவ்வளவு சின்னச் சாவியா? எடுத்துக்கொண்டு போய்த் தொலையட்டும். தம்பி பெயர் கெடாது. தன் பெயர் வராது. தெருவில் மறுபடி நடக்கலாம். சிவப்புத் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள்.

வெளியே பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. கான்ஸ்டபிள் எழுந்த நாற்காலி தரையில் உரசியது. அக்கா கதவு இடுக்கில் பார்த்தாள். பேக்கரிக்காரர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் மாவு இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு கையும் கழுவித் துடைத்தது போல வெறுமனே தொங்கின.

அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தம்பி மனைவி எழுந்து கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள். அவர் அவளைத் தாண்டி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நடையில் வந்து நின்றாள்.

"எம் பொண்ணு அந்தக் கேட் ஓரமாத்தான் கெடந்தா," என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஊசி மேல ஊசி குத்தி இழுத்துக் கட்டுவா, ஒரு முடி வெளிய வராது. அன்னிக்கு எல்லாம் அவுந்து மூஞ்சி மேல கெடந்துச்சு. என் பொண்ணையே எனக்கு அடையாளம் தெரியல." நிறுத்தினார். "சண்டைக்கு வரலம்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இவனும் அங்கதானே நின்னான். ஏன் திறக்கல?"

தம்பி மனைவி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூட்டுங்க," என்றார் சூப்பர்வைசர், அக்காவுக்குப் பின்னாலிருந்து. "பழைய பூட்டு, துரு ஏறிப்போச்சு. அவனும் சாவியைப் போட்டுப் போட்டுத் திருகியிருக்கான். பாவம், திறந்தாத்தானே?"

பேக்கரிக்காரர் அதைக் கேட்டுக்கொண்டார். மெதுவாகத் தலையை ஆட்டினார். தோள் தளர்ந்து இறங்கியது. "அப்ப பூட்டுதான்," என்றார். "பூட்டு மேல யாரு கோவப்பட முடியும்?" கட்டிலைப் பார்த்துக் கை கூப்பினார். "தெரியாம உன்னை என்னென்னமோ திட்டிட்டேன்டா நாலாம் நம்பர். மனசுல வெச்சுக்காதே."

முடிந்தது. அவர் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அவர் கூப்பிய கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் உள்ளங்கையை விரித்தாள். சிவப்புத் துணி வியர்வையில் நனைந்திருந்தது.

"இதுதான் சாவி. இங்கதான் இருந்துச்சு. நான்தான் அவன் பாக்கெட்லேருந்து எடுத்தேன், திருப்பி வெக்க மறந்துட்டேன். போன் பண்ணான், கொண்டு வரட்டான்னு கேட்டேன். இவர் சாவியில திறந்து குடுத்துட்டாரு, முடியுறதுக்குள்ள இவரே வந்து திறப்பாருன்னான். நானும் சும்மா இருந்துட்டேன். இவர் வரல." கையைப் பேக்கரிக்காரர் பக்கம் நீட்டினாள். "திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. பூட்டு மேல போடாதீங்க."

முதலில் பேசியது தம்பி மனைவிதான். "வீட்லயா இருந்துச்சு?" என்றாள். "அந்தப் பலகைக்குக் கீழேதானே ரெண்டு நாளா உக்காந்து அழுதுக்கிட்டிருக்கேன். அண்ணி, அதுக்குக் கீழேதானே நான் உக்காந்திருந்தேன்?"

அக்கா தலையை ஆட்டினாள்.

பேக்கரிக்காரர் சாவியின் அருகில் வந்து பார்த்தார். தொடவில்லை. பிறகு சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்து, "உங்க சாவி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை. சூப்பர்வைசரின் கை தன்னையறியாமல் பெல்ட்டுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

கான்ஸ்டபிள் கைக்குட்டையை விரித்து நீட்டினார். "இதுல போடுங்கம்மா. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து இதையே சொல்லணும்." அக்கா போட்டாள். "சார், நீங்க போயிடாதீங்க," என்றார் சூப்பர்வைசரிடம். அவர் போகவில்லை. "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க," என்று மட்டும் அக்காவிடம் முணுமுணுத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து நின்றார். பேக்கரிக்காரர் எப்போது வெளியே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மத்தியானம் தம்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளைச் சட்டையின் இடது கையில் அந்த மடிப்பு அப்படியே இருந்தது. தெருவில் இருந்தவர்கள் கதவை மூடவும் இல்லை, கூட வரவும் இல்லை. ஒரு கல் வரும் வரும் என்று அக்கா தோளைக் குறுக்கிக்கொண்டே நின்றாள். வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வாசலிலிருந்து உள்ளே திரும்பியபோது தம்பி மனைவி கடை அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். அவள் தொடவில்லை.

"அந்தப் பையை எடுத்துடுங்க," என்றாள் கடைசியில். "என் கண்ணுல பட வேணாம்."

அண்ணி என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை இல்லாமல் அவள் பேசி அக்கா கேட்டதில்லை. இனிமேல் கூப்பிடுவாளோ மாட்டாளோ, அதையும் கேட்க முடியாது.

பையை மேசை மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். ஈர மண்ணும் மழையும் நாறிற்று. சட்டை தோள்பட்டையோடு கிழிந்திருந்தது. பேண்ட்டை உதறியபோது கை தன் வழக்கப்படி பாக்கெட்டுக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றது. என்ன இருக்குமோ என்று பயம். ஒன்றும் இல்லாமல் இருந்தால் அது இன்னும் பயம்.

வலது பாக்கெட்டில் விசில். கூழாகிப்போன பஸ் டிக்கெட். இடது பாக்கெட்டில் கையை விட்டதும் விரலில் சுருக்கென்று குத்தியது.

கொண்டை ஊசிகள். ஒன்று நேராக நிமிர்த்தப்பட்டு நுனி முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பாதியில் ஒடிந்திருந்தன. இன்னும் சில, திருகித் திருகி உருவமே போனவை. பூட்டுக்குள் விட்டால் ஊசி எப்படி வளையும் என்று அக்காவுக்குத் தெரியாது. தலையில் செருகியிருந்த ஊசி இப்படி வளையாது என்று தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒன்றில் நீல மணி அப்படியே இருந்தது.

அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவி அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். கிண்ணத்துக்குள் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். எழுந்து வந்து, வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஊசிகள் உள்ளே சலசலத்துக்கொண்டே வந்தன. பேக்கரி ஷட்டரைத் தட்ட ஒரு கையை எடுக்க வேண்டியிருந்தது. கிண்ணத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தட்டினாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஷட்டருக்கு அடியில் இரண்டு கைகள் தெரிந்தன. அது மெதுவாக மேலே ஏறியது.